தடைக்காலம் வருவதற்குள்

கருத்தடை மாத்திரை எனக்கு ஆகாது. அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் மகப்பேறு மருத்துவர் அல்ல, நரம்பியல் மருத்துவர். எனக்கு ஒற்றைத் தலைவலி தொடங்குவதற்குச் சற்று முன்பு பார்வையின் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கோடு நெளிந்து நெளிந்து ஓடும். பேரேட்டில் நான் எழுதியிருக்கும் தொகையில் பாதி எண்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடும். சென்னை எம்.சி. ரோட்டில் மொத்த ஜவுளிக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறவள் நான். எண்கள் மறைந்தால் அன்றைய வேலை நின்றுவிடும். மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கருத்தடை மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா அம்மா?" என்றார். ஆமாம் என்றேன். இன்றோடு நிறுத்துங்கள் என்றார். இப்படி வெளிச்சம் தெரிந்து வரும் தலைவலி உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த மாத்திரையைச் சாப்பிட்டால் பக்கவாதம் வரும் அபாயம் கூடுமாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி எங்களைப் போன்றவர்களுக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது என்கிறது. மாத்திரை அட்டையை என் கையில் கொடுத்தவர்கள் யாரும் தலைவலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காப்பர் டி பார்த்தாகிவிட்டது. மகள் பிறந்தபோது பிரசவ வார்டிலேயே போட்டார்கள். என் தங்கைக்கு அது நன்றாகவே பொருந்தியிருக்கிறது, அவள் அதை மறந்தே போய்விட்டாள். எனக்கு ஒவ்வொரு மாதமும் உதிரப்போக்கு நிற்காமல் போய், ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கிய பிறகு எடுத்துவிட்டார்கள். அரசு இலவசமாகத் தரும் சாயா மாத்திரை ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லாதது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று. நல்ல மருந்து என்று சொல்கிறவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆனால் அது சிலருக்கு மாதவிலக்கைத் தள்ளிப்போடும். எனக்கும் தள்ளிப்போட்டது. நாள் தள்ளும் ஒவ்வொரு முறையும் நான் பட்ட பயத்தை என்னால் தாங்க முடியவில்லை. கருத்தடை ஊசி வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். உடம்புக்குள் போய்ச் சுற்றாத ஒன்று, வேண்டும்போது மட்டும் இருந்து வேண்டாதபோது இல்லாமல் போகிற ஒன்று எனக்கு வேண்டும்.

இதைச் சுகாதார நிலையத்தில் போய்ச் சொன்னபோது செவிலியரிடம் கிடைத்த பதில் ஒன்றுதான். "ஒரு பிள்ளை போதுமென்றால் ஆபரேஷன் செய்துகொள்ளம்மா. இன்னொன்று வேண்டுமென்றால் சீக்கிரம் பெற்றுக்கொண்டு ஆபரேஷன் செய்துகொள்." அந்த செவிலியர் கெட்டவர் அல்ல. வரிசையில் எனக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள், அவருக்குத் தெரிந்த விடையை அவர் சொன்னார். தமிழ்நாட்டில் அந்த விடை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இங்கே திருமணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதற்கும் அந்த அளவு 37.9 சதவீதம். ஆணுறையை நம்பியிருப்பவர்கள் 9.5 சதவீதம். ஆண்களுக்கான அறுவையோ 0.3 சதவீதம். என் அம்மா, இரண்டு அத்தைகள், மாமியார், எதிர்வீட்டு அக்கா என்று எல்லோருக்கும் வயிற்றில் அந்தச் சிறிய தழும்பு இருக்கிறது. அவர்களுடைய முடிவைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. எனக்கு முப்பத்தொரு வயது, ஒரு மகள். இன்னொரு குழந்தை வேண்டுமா வேண்டாமா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்காமல் இருப்பதற்கும் ஒரு பெண்ணுக்கு இடம் வேண்டும் அல்லவா?

ஆணுறை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1968 முதல் நிரோத் இருக்கிறது, சுகாதார நிலையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். நான் போகும் இடத்தில் அந்தப் பெட்டி ஆண்கள் உட்காரும் பக்கத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. பெண்கள் அந்தப் பெஞ்சைத் தாண்டிப் போய் எடுப்பதில்லை. என் கணவர் மறுக்கிறவர் அல்ல, கேட்டால் போட்டுக்கொள்வார். ஆனால் ஒவ்வொரு முறையும் நான் கேட்க வேண்டும், அவர் நினைவில் வைத்து வாங்கி வர வேண்டும், அந்த நேரத்தில் அவருக்கு மனம் இருக்க வேண்டும். கருத்தரிக்கப்போவது என் உடம்பு. அதற்கான காவல் என் கையில் இருப்பதுதான் முறை. எங்கள் தெருவில் குடித்துவிட்டு வரும் கணவனிடம் இதைக் கேட்கவே முடியாத பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நிரோத் இலவசமாக இருந்து என்ன பயன்?

பெண் தன் உடலுக்குள் வைத்துக்கொள்ளும் உறை, பெண்ணுறை என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். கையில் எடுத்துப் பார்த்ததில்லை. தங்கசாலையிலிருந்து தண்டையார்பேட்டை வரை கண்ணில்பட்ட மருந்துக் கடைகளில் எல்லாம் கேட்டேன். ஒரு கடையில் சானிட்டரி நாப்கின் எடுத்துக் கொடுத்தார்கள். இன்னொரு கடையில் அந்தப் பையன் உள்ளே போய்ப் பெரியவரிடம் கேட்டான். அவர் வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதெல்லாம் இங்கே விற்பதில்லை" என்றார். அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தேன். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். பாலியல் தொழில் செய்த பெண்களிடம் எடுத்த ரத்தத்தில் அது தெரியவந்தது. அதற்குப் பிறகு இந்த ஊரில் உறை என்றாலே எய்ட்ஸ்தான். 2000களின் தொடக்கத்தில் சுவரெல்லாம் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று எழுதியிருந்ததை எங்கள் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. அந்தப் பிரசாரங்கள் உயிர்களைக் காப்பாற்றின, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெண்ணுறையும் எய்ட்ஸ் தடுப்புத் திட்டங்களின் வழியாகத்தான் பாலியல் தொழில் செய்யும் பெண்களுக்கு முதலில் வந்து சேர்ந்தது. அவர்கள் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். அதே பொருளைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி கடையில் கேட்டால் அவளை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இந்தப் பார்வை இரண்டு பெண்களையும் சேர்த்தே அவமதிக்கிறது.

கடைசியில் இணையத்தில் வாங்கினேன். பார்சல் கடை முகவரிக்கு வந்தது. வீட்டுக்கு வந்திருந்தால் மாமியார்தான் பிரித்திருப்பார்.

பிரித்த பிறகுதான் உண்மையான சிக்கல் புரிந்தது. ஒரு முனை மூடிய, வழுவழுப்பான, கைக்கு அடங்காத பை. உள்ளே தனியாக ஒரு வளையம், திறந்த முனையில் இன்னொரு பெரிய வளையம். உடன் வந்த தாளில் இருந்த படங்கள் என் கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியவை. எப்படிப் பிடிப்பது, எவ்வளவு தூரம் தள்ளுவது, சரியாகப் போயிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதை யாரிடம் கேட்பது? கடையில் பொருள் கிடைப்பது பாதிதான். மீதிப் பாதி, பயன்படுத்திப் பார்த்த இன்னொரு பெண்.

அப்படி ஒருவர் எனக்குக் கிடைத்தார். என் ரவிக்கை தைக்கும் அக்கா. அளவு கொடுக்கப் போன இடத்தில் எப்படியோ பேச்சு அங்கே போய்விட்டது. அவர் பல வருடங்களுக்கு முன்பு ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணி செய்தவர். கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு, கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி, என் பையிலிருந்ததை வாங்கினார். உள்வளையத்தைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வைத்து நசுக்கினார், அது எட்டு வடிவமாக மடங்கியது. "இப்படிப் பிடித்து, முதுகெலும்பை நோக்கித் தள்ள வேண்டும். மேல்நோக்கித் தள்ளினால் எலும்பில் போய் முட்டும். விரல் போகும் மட்டும் தள்ளு, அதற்குமேல் அதுவே தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சரியாக உட்கார்ந்துவிட்டால் உனக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தால் எடுத்துவிட்டு மறுபடி வை." வெளிவளையம் வெளியேதான் நிற்க வேண்டும் என்றார். ஆண்குறி உறைக்குள் போகிறதா, உறைக்குப் பக்கத்தில் போகிறதா என்பதைத் தொடக்கத்தில் கைவைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிகவும் உதவியது. முதல் தடவை கணவர் பக்கத்தில் இருக்கும்போது முயற்சி செய்யாதே, பகலில் தனியாக இருக்கும்போது போட்டு எடுத்துப் பழகு என்றார். அந்த ஒரு வாக்கியம் எந்தத் தாளிலும் இல்லை.

இப்போது ஞாயிறு பிற்பகல்களில் அந்தத் தையல் கடையில் நாங்கள் சிலர் கூடுகிறோம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் பாதிப் பேர் தாமதமாக வருவார்கள். சங்கம், தலைவி, செயலாளர் என்று எதுவும் கிடையாது. யாருக்கு எது தெரியுமோ அதைச் சொல்கிறோம். தெரியாததை மருத்துவரிடம் யார் கேட்டு வருவது என்று பிரித்துக்கொள்கிறோம்.

காசிமேட்டிலிருந்து வரும் ஒரு அக்கா எங்கள் எல்லோரையும்விடத் தெளிவாக இருக்கிறார். அவருடைய கணவர் விசைப்படகில் போகிறவர். போனால் கரைக்குத் திரும்ப ஒரு வாரம், அதற்கு மேலும் ஆகும். "வீட்டில் இல்லாத மனிதருக்காக நான் எதற்குத் தினமும் மாத்திரை விழுங்க வேண்டும்?" என்று அவர் கேட்டபோது எங்களில் யாரிடமும் பதில் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று அரசாங்கம் படகைக் கரையில் நிறுத்துகிறது. அந்த இரண்டு மாதமும் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். வருமானம் இருக்காது, கடன் இருக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் செலவும் அதே நேரத்தில் வந்து நிற்கும். அந்தத் தெருவில் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளைகள் நிறைய என்று அவர் சொல்வார். மார்ச் மாதமே வந்து, தனக்கும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவருக்கும் சேர்த்துப் பெண்ணுறை வாங்கித்தரச் சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். தேவைப்படும் இரண்டு மாதத்துக்கு மட்டும் கருத்தடை என்ற இந்தக் கணக்கு எந்தச் சுகாதார நிலையத்தின் பதிவேட்டிலும் இடம்பெறாது. அவருடைய வாழ்க்கைக்கு அதுதான் சரியான கணக்கு.

தேங்காய் எண்ணெய் விவகாரத்தைக் கிளப்பியவரும் அவர்தான். உறை வறட்சியாக இருக்கிறது, கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளலாமா என்று கேட்டார். பலர் அப்படித்தான் செய்கிறோம் என்று மெதுவாக ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தையல் கடை அக்கா பதில் சொல்லாமல் இரண்டு நிரோத்தை எடுத்து ஊதி நூலால் கட்டினார். ஒன்றின் மேல் தண்ணீர் தடவினார். இன்னொன்றின் மேல், தையல் இயந்திரத்தின் மேல் சாமி படத்துக்கு வைத்திருந்த கிண்ணத்திலிருந்து தேங்காய் எண்ணெயை விரலால் தொட்டுத் தேய்த்தார். நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம். சிறிது நேரத்தில் எண்ணெய் தடவியது பட்டென்று வெடித்தது. தண்ணீர் தடவியது அப்படியே இருந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு ஒரு பெண், "என் சின்னவன் இப்படித்தான் வந்தான்" என்றாள். ரப்பர் பாலில் செய்த உறையை எண்ணெயும் வாசலினும் அரித்துவிடும், நீர் சார்ந்த ஜெல்லைத்தான் தடவ வேண்டும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் செய்த பெண்ணுறைக்கு எண்ணெயால் கேடு இல்லை. ஆனால் எல்லாப் பெண்ணுறையும் நைட்ரைல் அல்ல. நாசிக் பக்கத்திலிருந்து வரும் க்யூபிட் நிறுவனத் தயாரிப்பு இயற்கை ரப்பரால் ஆனது, உள்வளையத்துக்குப் பதிலாக அதில் பஞ்சு இருக்கும். அதற்கு எண்ணெய் ஆகாது. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் தடவ வேண்டும்.

இன்னும் சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆணுறையையும் பெண்ணுறையையும் ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். ஒன்றோடு ஒன்று உரசிக் கிழியும், நழுவும். பெண்ணுறையை எட்டு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளலாம். கணவர் குடித்துவிட்டு வருவார் என்று தெரிந்த இரவுகளில் எங்கள் தோழி ஒருத்தி மாலையிலேயே போட்டுவிடுகிறாள். அவளுக்கு இந்த ஒரு வசதி எவ்வளவு பெரியது என்று எழுத எனக்கு வார்த்தை இல்லை. எங்கள் வீட்டில் ஒரே அறை, திரைக்கு அந்தப் பக்கம் மாமியார். அதனால் சலசலக்கும் சத்தமும் ஒரு பிரச்சினைதான். ஜெல் சற்றுக் கூடுதலாக இருந்தால் சத்தம் அடங்குகிறது. பயன்படுத்தியதைக் கழிப்பறையில் போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். பொதுக் கழிப்பறை உள்ள குடியிருப்பில் அது யாருடையது என்ற விசாரணையே நடக்கும். முறுக்கி, செய்தித்தாளில் சுற்றி, அன்றைய குப்பையோடு வண்டியில் போட்டுவிட வேண்டும்.

எவ்வளவு நம்பலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மறைக்காமல் சொல்கிறோம். நடைமுறையில் பயன்படுத்தும் விதத்தில், ஓராண்டில் நூறு பெண்களில் ஆணுறையை நம்பியவர்களில் 13 பேரும், பெண்ணுறையை நம்பியவர்களில் 21 பேரும் கருத்தரிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பிசகாமல் பயன்படுத்தினால் அது முறையே 2, 5 என்று குறைகிறது. இந்த இடைவெளியை எது நிரப்பும் என்று நினைக்கிறீர்கள்? பழக்கம், சொல்லிக்கொடுக்கும் ஆள், தைரியமாகக் கேட்க ஓர் இடம். காப்பர் டியும் அறுவையும் இவற்றைவிடப் பல மடங்கு உறுதியானவை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். எந்தக் காரணத்தாலும் கருத்தரிக்கவே கூடாத உடல்நிலையில் இருப்பவர்களிடம் முதலில் மருத்துவரைப் பாருங்கள் என்கிறோம்.

டயாஃப்ரம் என்ற கருத்தடைச் சாதனம் வந்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களில் ஒருத்தியின் தங்கை ஜெர்மனியில் செவிலியராக இருக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது ஒன்றை வாங்கி வந்தாள். கயா என்று பெயர். ஊதா நிறத்தில், மெல்லிய சிலிக்கோனில், ஒரு பக்கம் சற்றுக் குழிந்த நீள்வட்டம். விளிம்புக்குள் வளைந்துகொடுக்கும் வளையம், பக்கவாட்டில் விரல் வழுக்காமலிருக்கச் சிறுசிறு மேடுகள், முன்னால் எடுப்பதற்கு விரல்நுனி நுழையும் அளவு ஒரு மடிப்பு. கையிலிருந்து கைக்குப் போனது. எல்லோரும் அதை மடித்து மடித்துப் பார்த்தார்கள். இது கர்ப்பப்பையின் வாயை மூடிக்கொண்டு உள்ளேயே இருக்கும், விந்தணுவை முடக்கும் ஜெல்லை அதில் தடவிப் போட வேண்டும். உறவுக்குப் பிறகு ஆறு மணி நேரமாவது உள்ளே இருக்க வேண்டும், 24 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கழுவி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம், இரண்டு வருடம் வரும்.

கர்ப்பப்பையின் வாய் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேள்வி வந்தது. பிள்ளை பெற்றவர்கள் பாதிப் பேர், ஆனால் யாரும் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. "உன் மூக்கு நுனியைத் தொட்டுப் பார். உள்ளே விரலுக்கு அதுபோல ஒன்று தட்டுப்படும். அதுதான்" என்றாள் அந்தச் செவிலியர் தங்கை. அங்கே இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூக்கைத் தொட்டார்கள். டயாஃப்ரத்தைப் போட்ட பிறகு அந்த நுனி சிலிக்கோனுக்குப் பின்னால் இருக்கிறதா என்று விரலால் பார்த்தாக வேண்டும், மூடாவிட்டால் அது வேலை செய்யாது என்று அழுத்திச் சொன்னாள். கயா ஒரே அளவில் வருவது, பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும், எல்லோருக்கும் பொருந்தாது. பழைய வகை டயாஃப்ரத்துக்கு மருத்துவர் அளவு பார்க்க வேண்டும். பிரசவமாகி ஆறு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். சிலருக்கு நீர்க்கடுப்பு அடிக்கடி வரும். எச்.ஐ.வி. உள்ளிட்ட பால்வினை நோய்களிலிருந்து இது காக்காது, அதற்கு உறைதான். ஜெல்லில் நானாக்சினால்-9 என்ற வேதிப்பொருள் இருந்தால், தொற்று அபாயம் உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும், அது உள்தோலை எரிச்சலூட்டி அபாயத்தைக் கூட்டும். மாதவிலக்குக் கோப்பை வைத்திருக்கும் கல்லூரிப் பெண் ஒருத்தி அதையே இதற்கும் பயன்படுத்தலாமா என்று கேட்டாள். கூடவே கூடாது, அது கருத்தடைச் சாதனம் அல்ல.

எனக்குக் கோபம் வந்தது இதைக் கேட்டபோதுதான்: டயாஃப்ரம் புதிதாக வந்த அதிசயம் அல்ல. 1880களில் ஜெர்மனியில் மென்சிங்கா என்ற மருத்துவர் அதை அறிமுகப்படுத்தினார். 1952இல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டுகளில் நம் மையங்களிலேயே டயாஃப்ரமும் ஜெல்லும் கொடுத்தார்கள். அளவு பார்க்க நேரம் வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், தனியாகக் கழுவ இடமும் தண்ணீரும் வேண்டும். ஏழைப் பெண்களின் வீட்டில் இவை இல்லை என்று அதைக் கைவிட்டு, ஒருமுறை செய்தால் முடிந்துவிடும் முறைகளின் பக்கம் போய்விட்டார்கள். வீட்டில் தண்ணீர் இல்லை என்றால் தண்ணீரை அல்லவா கொடுத்திருக்க வேண்டும்? இன்றும் எங்கள் பகுதியில் கை பம்பில் குடத்தை வைத்து அடித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தச் செவிலியரின் அக்காவான எங்கள் தோழி டயாஃப்ரத்தை மகளின் சோப்புப் பெட்டிக்குள் வைத்து, புடவை மடிப்புகளுக்கு நடுவே வைத்திருக்கிறாள். உலர்த்துவது இரவில், எல்லோரும் தூங்கிய பிறகு, ஜன்னல் ஓரம் ஒரு கைக்குட்டையின் மேல். தண்ணீரும் தனியறையும் இல்லாத வீட்டில் அவள் அதைச் செய்துகாட்டிக்கொண்டிருக்கிறாள்.

உறை கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் எல்லோரும் தெரிந்துவைத்திருக்கிறோம். அவசர கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சட்டப்படி மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கக்கூடியது அது, ஆனால் தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஹார்மோனே வேண்டாம் என்கிறவர்களுக்கு, ஐந்து நாளுக்குள் காப்பர் டி போட்டுக்கொண்டாலும் கரு தங்காது. இது பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது. அதையும் மீறிக் கருத்தரித்துவிட்டால், கருத்தடை தோற்றது என்பதையே காரணமாகச் சொல்லி 20 வாரம் வரை கருக்கலைப்பு செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் திருமணமாகியிருக்க வேண்டும் என்பதில்லை.

ஏன் இதெல்லாம், ஆபரேஷன் செய்துகொண்டு நிம்மதியாக இருக்கக் கூடாதா என்று எங்களிடம் காரணம் கேட்கிறவர்களுக்குக் குறைவே இல்லை. எங்களுக்குத் தலைவலி, ரத்தசோகை என்று ஆளுக்கொரு காரணம் இருப்பதால் பதில் சொல்லித் தப்பித்துவிடுகிறோம். காரணமே இல்லாதவள் என்ன சொல்வாள்? 1930இல் பெரியார் குடி அரசில் இதைப் பற்றி எழுதினார். மற்றவர்கள் பெண்ணின் உடல்நலத்துக்காகவும் குடும்பத்தின் வறுமைக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்கிறார்கள், நாம் பெண் விடுதலை பெற வேண்டும் என்பதற்காகக் கேட்கிறோம் என்பது அவருடைய வாதம். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகப்போகிறது. என் விருப்பம் என்று ஒரு பெண் சொன்னால் அது போதுமான காரணமாக எந்த ஓ.பி. சீட்டிலும் இன்னும் எழுதப்படவில்லை.

போன மாதம் நாங்கள் எங்கள் சுகாதார நிலையத்துக்கு ஒரு மனு எழுதினோம். நிரோத் பெட்டியில் ஒன்றைப் பெண்கள் காத்திருக்கும் பக்கமும் வைக்க வேண்டும். அதில் பெண்ணுறையும் இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு பிற்பகல், செவிலியர் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு, அவசரப்படாமல் சொல்லிக்கொடுக்க வேண்டும். டயாஃப்ரத்தை அரசுத் திட்டத்தில் மறுபடி சேர்க்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுத வேண்டும். கணவரை அழைத்து வா என்று எந்தப் பெண்ணிடமும் சொல்லக் கூடாது. அறுவைக்கே கணவரின் சம்மதம் தேவையில்லை என்று மத்திய அரசின் வழிகாட்டி சொல்லும்போது, ஒரு உறைக்கு எதற்கு? மருத்துவ அலுவலர் ஒரு இளம் பெண். முழுவதையும் படித்தார். பெட்டியை இடம் மாற்றுவது தன் அதிகாரத்தில் இருக்கிறது, உடனே செய்கிறேன் என்றார். மற்றவற்றுக்கு மேலே கேட்க வேண்டும் என்றார். பெட்டி இடம் மாறிவிட்டது. பெண்ணுறை இன்னும் வரவில்லை. வரும் திங்கட்கிழமை மறுபடி போகிறோம். இந்த முறை காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். மனுவில் கையெழுத்திட விரும்புகிறவர்கள் அதற்கு முன் என்னிடம் சொல்லுங்கள். பெயர் போட விருப்பமில்லை என்றால் கூட்டமாக உடன் வந்து நின்றாலும் போதும்.